துண்டு வீடியோக்களை ஒட்ட எதற்குக் காசு? – வாங்குவோர் கேள்வி-பதில்

தை, மாசி முகூர்த்தங்கள் ஓய்ந்து ஊர் நோம்பிகளும் முடிந்துவிட்டன. வந்து குவிந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. போனிலும் கேமராவிலும் துண்டு துண்டாக எடுத்த வீடியோக்களை ஒன்றாகச் சேர்க்க எதை வாங்குவது? இந்த வாரம் முழுக்க அதற்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடந்துச்சுங்க. என் மகளும் ஆடினாள். மூன்று மணி நேரம் கேமராவை நிறுத்தாமல் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் ஒன்பது துண்டாக இருக்கிறது. கேமரா கோளாறு என்கிறார் கடைக்காரர். சேர்ப்பதற்கு ஆறாயிரம் ரூபாய் மென்பொருள் வாங்க வேண்டுமாம்.
– பெருந்துறை வாசகர்

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. 32 ஜி.பி. வரையுள்ள மெமரி கார்டுகள் ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் வருபவை. அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. அதனால் அந்த அளவு வந்ததும் கேமரா தானாக ஒரு கோப்பை மூடி அடுத்ததைத் தொடங்கும். பெரிய கார்டு போட்டாலும் பல கேமராக்கள் இந்தப் பழக்கத்தை விடுவதில்லை.

ஆறாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். ஒரே கேமராவில், ஒரே செட்டிங்கில் எடுத்த துண்டுகள் என்பதால் படத்தை மறுபடி சமைக்கத் தேவையில்லை. அப்படியே முனையோடு முனை ஒட்டினால் போதும். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது. ஒன்பதையும் கோப்பு எண் வரிசையில் போட்டு, சேர்க்கச் சொல்லுங்கள். காப்பி எடுக்கும் நேரம்தான் ஆகும். தரம் இம்மியும் குறையாது. ஆனால் முடிந்ததும் ஒட்டிய எட்டு இடங்களையும் ஓட்டிக் கேளுங்கள். கும்மியில் ஒரு கைத்தட்டு விழுங்கப்பட்டால்கூட அடவு தெரிந்தவர்களுக்குக் காதில் இடறும். அப்படி எங்காவது இடறினால் ஷாட்கட் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் போட்டுச் சரிசெய்து, புதிதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதற்கு நேரம் பிடிக்கும், தரமும் ஒரு துளி குறையும்.

ஒட்டியது முப்பது ஜி.பி.க்கு மேல் வரலாம். அதைப் பென் டிரைவில் போடப் போனால், டிரைவில் இடம் இருந்தும் "கோப்பு பெரியது" என்று மறுக்கும். அங்கேயும் அதே ஃபேட்32 தான். டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் வேறெங்காவது மாற்றிவையுங்கள். உங்கள் டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024-இல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் ஐயா போன்ற ஆசான்கள் காத்துக் கொடுத்த கலை இது. அதில் உங்கள் மகளின் முதல் ஆட்டம் அந்த ஒன்பது துண்டுகளில் இருக்கிறது. ஒட்டி முடித்தாலும் அசலை அழிக்காதீர்கள்.

முப்பது சின்ன கிளிப். விண்டோஸ் 11 லேப்டாப். சேர்த்து, மேலே பேர் எழுதினால் போதும். எது வாங்க?
– பொள்ளாச்சி வாசகி

எதுவும் வாங்க வேண்டாம், உங்கள் லேப்டாப்பிலேயே மைக்ரோசாஃப்ட்டின் கிளிப்சாம்ப் இருக்கிறது. 1080 அளவு (முழு எச்.டி.) வரை, படத்தின் மேல் நிறுவனத்தின் முத்திரை இல்லாமல், இலவசமாகவே தரும்.

பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்கு, பழைய வீடியோக்களைச் சேர்க்க "முற்றிலும் இலவசம்" என்ற ஒரு மென்பொருளை இறக்கினேன். நாலு ராத்திரி உட்கார்ந்து வேலை செய்தேன். கடைசியில் சேமிக்கும்போதுதான் படத்தின் நடுவில் பெரிய முத்திரை விழும், எடுக்க வேண்டுமென்றால் பணம் கட்டு என்றது. மறுநாள் விழா. கட்டிவிட்டேன். இப்போது மாதாமாதம் கணக்கில் பிடிக்கிறார்கள்.
– ஈரோடு வாசகி

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, அம்மிணி. இந்த வியாபார முறைமேல் எனக்கு இருக்கும் கோபம் பத்து வருடக் கோபம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விலை வைப்பது தவறில்லை. முத்திரை போடுவதும்கூடத் தவறில்லை, முதல் திரையிலேயே சொல்லிவிட்டால். இவர்கள் சொல்வதில்லை. கிளிப்புகளை ஏற்ற விடுகிறார்கள், வெட்ட விடுகிறார்கள், பாட்டியின் குரலைச் சரிசெய்ய விடுகிறார்கள். நாலு ராத்திரி உழைப்பு உள்ளே போன பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சாவிக்கு விலை சொல்கிறார்கள். அங்கே நீங்கள் செய்து வைத்திருப்பது வீடியோ கூட இல்லை, வெறும் ப்ராஜெக்ட் கோப்பு. எந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். அந்த மென்பொருளைத் தவிர வேறெதிலும் அது பெரும்பாலும் திறக்காது. இது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

நானும் சுட்டுக்கொண்டவன்தான். 2010 வாக்கில், பெட்டியில் "ஆயுள் முழுக்க" என்று அச்சடித்த ஒரு எடிட்டிங் மென்பொருளை 3,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நாலு வருடம் கழித்துக் கம்ப்யூட்டர் மாற்றினேன். புதியதில் ஏற்ற, அந்த நிறுவனத்தின் சர்வர் அனுமதி தர வேண்டும். சர்வரை அவர்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள். யாருடைய ஆயுள் என்று பெட்டியில் போடவில்லை. தங்கச்சி கல்யாணத்தில் நான் கோத்து வைத்திருந்த ஒன்றரை மணி நேரம் இன்றைக்கும் ப்ராஜெக்ட் கோப்பாகவே கிடக்கிறது. அன்றிலிருந்து எந்த மென்பொருளை எடுத்தாலும் முதல் வேலையாகப் பத்து வினாடியில் இரண்டு கிளிப்பை ஒட்டி, சேமித்து, வெளியே எடுத்துப் பார்த்துவிடுகிறேன். முத்திரை, பணம், அளவுக் கட்டுப்பாடு எல்லாம் அந்தப் பத்து வினாடியில் வெளியே வந்துவிடும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. அதில் பதின்மூன்று வகை குறிப்பிடப்பட்டிருக்கிறது. தொடர்ந்து பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லாமல் இலவசம் என்று விளம்பரம் செய்வது அதில் வருகிறது. சந்தாவை ரத்து செய்யும் வழியை மறைப்பதும், சிக்கலாக்குவதும் வருகிறது.

இப்போது செய்ய வேண்டியது: யு.பி.ஐ. மூலம் கட்டியிருந்தால் அந்தச் செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் வங்கியின் தளத்தில் நிலையான அனுமதிகளின் பட்டியல் இருக்கும், அங்கே ரத்து செய்யுங்கள். ஒவ்வொரு முறை பிடிப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்ததா என்று பழைய குறுஞ்செய்திகளைத் தேடுங்கள். பிறகு 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். "இலவசம்" என்று போட்ட பக்கத்தையும் பணம் கேட்ட திரையையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி வீடியோ பார்த்தாரா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய கிளிப்புகளைச் சேர்த்தேன். மங்கல், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, போகப் போகச் சத்தம் வாயசைவோடு ஒட்டவில்லை. லேப்டாப் பழசு என்று நினைத்து 82,000 ரூபாய்க்குப் புதுசு வாங்கினேன். அதிலும் அதேதான். திருப்பிக் கொடுக்க முடியுமா?
– திருப்பூர் வாசகர், பனியன் கம்பெனி மேற்பார்வையாளர்

முடியாது. லேப்டாப்பில் குறை இருந்தால்தானே திருப்பிக் கொடுக்க? ஒரு லாட் துணியைச் சாயத்துக்கு அனுப்பும் முன் ஒரு துண்டு அடித்துப் பார்க்காமல் விடுவீர்களா? 82,000 ரூபாய்க்கு முன்னால் ஒரு போன், ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

வாட்ஸ்ஆப் வீடியோவை நசுக்கித்தான் அனுப்பும். மங்கலுக்குக் காரணம் அதுதான். நசுங்கியதை எந்த லேப்டாப்பும் நிமிர்த்தாது. எல்லோரிடமும் மறுபடி கேளுங்கள், இந்த முறை வீடியோவாக இல்லாமல் "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜி.பி. வரை அசல் அப்படியே வரும். கறுப்புப் பட்டை, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததால் வருகிறது. அடுத்த விசேஷத்துக்குக் குடும்பத்துக்கே சொல்லிவையுங்கள்: போனைப் படுக்க வைத்து எடுக்க வேண்டும்.

சத்தம் நழுவுவது வேறு சங்கதி. போன் கேமரா வினாடிக்கு முப்பது படம் என்று சொன்னாலும் வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து எடுக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அது சீராக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓட்டும், அங்கே வாயும் சத்தமும் பிரிந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எல்லாக் கிளிப்பையும் வினாடிக்கு 30 என்ற மாறாத வேகத்துக்கு மாற்றிக்கொண்டு, பிறகு சேருங்கள். இதற்குப் பழைய லேப்டாப்பே போதும். ராத்திரி ஓடவிட்டால் காலையில் முடிந்திருக்கும்.

ஐயாயிரம் ரூபாய் மென்பொருளை "கிராக்" செய்து பென் டிரைவில் 300 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
– கோபி வாசகர்

கூடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பழக்கப்பட்ட மூவி மேக்கரைத் தேடி இறக்கினேன். சேமிக்க 2,500 ரூபாய் கேட்டது. மைக்ரோசாஃப்ட் தானே என்று கட்டினேன். பிள்ளைகள் திட்டுகிறார்கள்.
– கரூர் வாசகி

பிள்ளைகள் திட்டுவதை நிறுத்தட்டும், டீச்சர். இதில் ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மூவி மேக்கர் 2000-இல் விண்டோஸோடு வந்த இலவச மென்பொருள். 2017 ஜனவரி 10 அன்று மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. அதே வருடம், அந்தப் பேரைப் போட்டுக்கொண்ட ஒரு போலித் தளம் தேடலில் முன்னால் வந்து நின்று காசு பறித்ததை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது. மைக்ரோசாஃப்ட் மூவி மேக்கருக்கு ஒருநாளும் காசு வாங்கியதில்லை. உங்கள் நம்பிக்கையை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு இன்றே சொல்லுங்கள், வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, ஒரு முறை வைரஸ் சோதனை ஓட்டுங்கள். மூவி மேக்கர் மாதிரியே எளிதாக வேண்டுமென்றால் பொள்ளாச்சி வாசகிக்குச் சொன்னதையே பாருங்கள்.

தம்பி கல்யாணத்துக்கு ஸ்டுடியோவுக்கு 60,000 ரூபாய். கொடுத்தது இருபது நிமிட "ஹைலைட்ஸ்". இணைச்சீரும் இல்லை, மங்கல வாழ்த்தும் இல்லை. வெட்டாத கிளிப்புகளைக் கேட்டால் இன்னும் 15,000 கேட்கிறார்கள். தந்தால் நானே ஒட்டிக்கொள்வேன். ரசீது ஒன்றுமில்லை, விசிட்டிங் கார்டு பின்னால் எழுதிய தொகைதான்.
– தாராபுரம் வாசகர்

அக்காள் தம்பிக்குச் செய்யும் இணைச்சீரை விட்டுவிட்டு மெதுவாய் நடக்கும் காட்சிகளை அடுக்கினால் அது நம்ம ஊர்க் கல்யாணமே ஆகாது. உங்கள் வருத்தம் நியாயம்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவில் ஒரு விதி இருக்கிறது. ஒருவர் கேட்டு, கூலி கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலி கொடுத்தவரே முதல் உரிமையாளர். அசல் கோப்புகளைக் கையில் தருவது பேச்சில் இல்லை என்று அவர்கள் வாதாடலாம். ஆனால் இந்தப் பிரிவைக் காட்டிப் பேசினால் பேச்சின் தொனி மாறும். கூகுள் பே, வாட்ஸ்ஆப் பேச்சு, அந்தக் கார்டு எல்லாவற்றையும் சேர்த்து, முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். கிளிப்புகளை அழிக்கக் கூடாது என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

2006 கல்யாண டிவிடி. உள்ளே நாலைந்து கோப்பு. ஒரே வீடியோவாக்க முடியுமா?
– நாமக்கல் வாசகர்

முடியும். டிவிடியில் படம் ஒவ்வொரு ஜி.பி.யாக வெட்டப்பட்டிருக்கும். வி.ஓ.பி. என்று முடியும் கோப்புகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். பூஜ்யத்தில் முடிவது மெனு, அதை விடுங்கள். ஒன்று என்று முடிவதை அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால், வரிசையில் இருக்கும் மற்றதையும் சேர்க்கட்டுமா என்று அதுவே கேட்கும்.

ஆனால் இதை இன்றைக்கே செய்யுங்கள். வீட்டில் எழுதப்படும் டிஸ்க்குகளின் சாயப் பூச்சு வருடங்கள் போகப் போக மங்கும். விலை குறைவு என்று ஐம்பது டிஸ்க் கொண்ட ஒரு கட்டு வாங்கி, என் மகள் தவழ்ந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போன நாள் வரை அதில்தான் எழுதி வைத்தேன். எட்டு வருடம் கழித்து எடுத்தபோது பதினொன்று மட்டும் திறந்தது. அவள் நடக்கப் பழகியது அந்தப் பதினொன்றில் இல்லை. உங்கள் டிஸ்க் பாதியில் நின்றால் வேறு இரண்டு மூன்று டிரைவுகளில் போட்டுப் பாருங்கள், ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும். கிடைத்ததை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று மாமனார் வீட்டில்.