68 கி.மீ. ஓடிய ‘புது’ ஸ்போர்ட்ஸ் கார்: டெலிவரி எடுக்கும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று புக் செய்தேன். கார் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பாக்கித் தொகையை அதற்கு முன்பே கட்டிவிட வேண்டுமாம். ஓடோமீட்டர் 68 கி.மீ. காட்டுகிறது என்று சேல்ஸ்மேன் போனில் சொன்னார். இது நிஜமாகவே புது காரா? செராமிக் கோட்டிங்கும் முன்பக்கத்துக்குப் பாதுகாப்பு ஃபிலிமும் இலவசமாகப் போட்டுத் தருகிறார்களாம். எனக்கு மெக்கானிக்கல் விஷயம் அதிகம் தெரியாது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: 68 கி.மீ.யை நினைத்துக் கவலைப்படாதீர்கள். மாலை ஏழு மணியை நினைத்துக் கவலைப்படுங்கள். இலவச கோட்டிங் அதைவிட மோசம்.

முதலில் கிலோமீட்டர். குறைந்த எண்ணிக்கையில் ஸ்போர்ட்ஸ் கார் தயாரிப்பவர்கள் பலர், ஒவ்வொரு காரையும் தொழிற்சாலைக்கு வெளியே ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். பிறகு கப்பலில் ஏற்ற, இறக்க, யார்டில் இடம் மாற்ற, டீலரின் மெக்கானிக் ஒரு சுற்று போய்வர என்று கூடிக்கொண்டே போகும். 68 அதற்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த 68-ஐ யார், எப்படி ஓட்டினார்கள் என்பதை மீட்டர் சொல்லாது. டயரும் பிரேக் டிஸ்கும் சொல்லும்.

புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணமாக ஓட்டிய காரில் நடுப்பகுதி முடிகள் தேய்ந்திருக்கும், ஓரத்தில் இருப்பவை பெரும்பாலும் அப்படியே நிற்கும். டயரின் தோள் ஓரத்தில் ரப்பர் சுருண்டு, விரலால் வருடினால் திரித்திரியாகக் கையோடு வந்தால் யாரோ வளைவுகளில் விரட்டியிருக்கிறார்கள். முன் டயர் புதிதாக இருக்க, பின் டயர் மட்டும் பளபளப்பு போய்க் கரகரவென்று இருந்தால் நின்ற இடத்திலிருந்து முழு ஆக்ஸிலரேட்டரில் கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

டிஸ்கில் ஆரஞ்சு நிறத் துரு படர்ந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரும்பு டிஸ்க் ஓர் இரவு ஈரத்தில் நின்றாலே அப்படி ஆகும், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். நீலம் பாய்ந்திருந்தாலோ, ஆறிய டிஸ்கின் வெளி விளிம்பில் நகம் தட்டும்படி வரப்பு எழும்பியிருந்தாலோ அது சாதாரணமாக 68 கி.மீ. ஓட்டிய டிஸ்க் இல்லை. கார்பன் செராமிக் டிஸ்க் என்றால் விளிம்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வீலைக் கழற்றி மாட்டும்போது ரிம் இடித்துச் சில்லு பெயர்வது அங்கேதான்.

பல ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின் கம்ப்யூட்டர் ஓடிய மணிநேரத்தைப் பதிந்துவைக்கும். போர்ஷே போன்றவற்றில் எஞ்சின் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்ற (ஓவர் ரெவ்) விவரமும் இருக்கும். டயாக்னாஸ்டிக் ரிப்போர்ட்டை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள், அது பத்து நிமிட வேலை. கூடவே வாரன்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று அவர்கள் சிஸ்டத்தில் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் எடுக்கும் நாளுக்கு முந்தைய தேதி அதில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், அந்தக் காரை டெமோவாகவோ, விற்பனைக் கணக்கைக் காட்டவோ முன்பே பதிவு செய்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கேள்விக்கான உண்மையான பதில் ஓடோமீட்டரில் இல்லை, இந்தத் தேதியில் இருக்கிறது.

இனி மாலை ஏழு மணி. ஷோரூம் விளக்குகள் காரை அழகாகக் காட்டுவதற்கென்றே மாட்டியவை, குறையைக் காட்ட மாட்டா. பகல் வெளிச்சத்தில், காய்ந்த காரை, ஷோரூமுக்கு வெளியே நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் பட்ட பெயின்டில் கீறல் மறைந்துவிடும், அதனால் ‘இப்போதுதான் கழுவினோம் சார்’ என்று ஈரத்தோடு கொண்டுவந்தால் காயும்வரை உட்கார்ந்திருங்கள். மாலை ஏழு மணி டெலிவரியில் பணிமனை மூடியிருக்கும், சர்வீஸ் மேனேஜர் வீட்டுக்குப் போயிருப்பார், கேக்கும் பூங்கொத்தும் வைத்துக்கொண்டு போட்டோ எடுக்க மட்டும் ஆள் இருக்கும். பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்வதும் நீங்கள் நின்று குறை பார்க்காமல் இருக்கத்தான். வங்கிப் பரிமாற்றத்துக்கு இப்போது சில நிமிடம் போதும். காரின் சேஸிஸ் எண்ணை (VIN) வைத்து இன்வாய்ஸ் வாங்குங்கள், காரைப் பாருங்கள், பிறகு அங்கேயே உட்கார்ந்து பாக்கியை அனுப்புங்கள். பதிவு செய்துவிட்டால் கார் உங்களுடையது. அதன்பின் எந்தக் குறையைச் சொன்னாலும் ‘க்ளெய்ம் போட்டுப் பார்க்கலாம்’ என்பார்கள், மாதக்கணக்கில் அது நகரும்.

அந்த சேஸிஸ் எண் எழுத்தும் இலக்கமுமாக 17 கொண்டது. முன் கண்ணாடிக்கு அடியில், கதவுத் தூணில், இன்வாய்ஸில் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. இன்வாய்ஸில் ‘ஓ’ அடித்திருந்தால் அது பூஜ்யமாக இருக்க வேண்டியது. அன்றே திருத்தி வாங்குங்கள், இன்ஷூரன்ஸில் ஏறிவிட்டால் அலைச்சல். தயாரிப்பாளரின் தளத்தில் அதே எண்ணைப் போட்டு ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் காரைத் திரும்ப அழைப்பது) எதுவும் நிலுவையில் உள்ளதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இலவச கோட்டிங்குக்கு வருவோம். கார் கேரியர் லாரியில் ஏறி இறங்கும்போது பம்பர் உரசும், ரிம் சிராயும். இது சகஜம், ஒளிக்காமல் சொன்னால் பெரிய குற்றமும் இல்லை. ஆனால் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பணிமனையில் வைத்துப் பெயின்ட் அடித்து, பாலிஷ் போட்டு, மேலே கோட்டிங் பூசிவிட்டால் உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தொழிற்சாலைப் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து ஏறக்குறைய 80 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பெயின்ட் தடிமன் மீட்டரில் ஒரு கதவு மட்டும் 250-ஐத் தாண்டினால் அங்கே மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள், 500-க்கு மேல் போனால் அடியில் பெரும்பாலும் பள்ளம் நிரப்பிய புட்டி. பாதுகாப்பு ஃபிலிம் மட்டுமே 150 முதல் 200 மைக்ரான் வரும். அதை ஒட்டிவிட்டால் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். இலவசமாக ஒட்டித் தரும் ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஃபிலிமை காரின் மேலேயே வைத்து பிளேடால் வெட்டி, பெயின்டிலும் கோடு போட்டு வைப்பவர்கள் வேறு இருக்கிறார்கள்.

கோட்டிங்குக்கு முன் பாலிஷ் போட்டாக வேண்டும் என்பார்கள். மேலே இருக்கும் நிறமில்லாத அடுக்கான க்ளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், ஒவ்வொரு பாலிஷும் அதைத் தின்னும். டெலிவரிக்கு முதல் நாள் வேகவேகமாக மெஷின் ஓட்டினால் வெயிலில் வட்டவட்டமாக வலை பின்னினாற்போல் கீறல் தெரியும். ஆகவே இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள்: மெக்கானிக்கல் வேலைகளை முடியுங்கள், பாடியைத் துடைக்க வேண்டாம், பாலிஷ் வேண்டாம், கோட்டிங் வேண்டாம், ஃபிலிம் வேண்டாம். தேவையென்றால் பிறகு நீங்களே தேர்ந்தெடுத்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

பெயின்ட் தடிமன் மீட்டரை நம்புவதிலும் ஒரு விலக்கு உண்டு. ஸ்போர்ட்ஸ் காரில் அது பெரிய விலக்கு, அதனால் சற்று நீட்டியே சொல்கிறேன். சாதாரண மீட்டர் உலோகத்தின் மேல் மட்டுமே வேலை செய்யும். மலிவான மீட்டர்கள் இரும்பை மட்டும் அறியும், அலுமினியக் கதவில் வைத்தால் விழிக்கும். நல்ல மீட்டர் அலுமினியத்தையும் அளக்கும். கார்பன் ஃபைபர் கூரை, பிளாஸ்டிக் ஃபெண்டர், கலப்புப் பொருளில் செய்த டிக்கி மூடி ஆகியவற்றில் எதுவும் தெரியாது. எண் வரவில்லை என்பதால் அங்கே புட்டி இருக்கிறது என்று சண்டை போடாதீர்கள், பெயின்ட் சரியாக இருக்கிறது என்று நிம்மதியும் அடையாதீர்கள். அல்ட்ராசோனிக் மீட்டர் இவற்றையும் அளக்கும், ஆனால் எல்லாரிடமும் இருக்காது. இடிபட அதிக வாய்ப்புள்ள முன் பின் பம்பர்கள் இன்றைய ஏறக்குறைய எல்லாக் காரிலும் பிளாஸ்டிக்தான், ஆக மீட்டர் தேவைப்படும் இடத்தில் மீட்டர் உதவாது. அங்கே கண்ணையும் விரலையும்தான் நம்ப வேண்டும். பம்பரின் உள்மடிப்பில், சென்சார் துளையின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். டேப் ஒட்டிப் பெயின்ட் அடித்த இடத்தில் மெல்லிய படி தட்டுப்படும். ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். மெட்டாலிக் நிறத்தில் பம்பருக்கும் ஃபெண்டருக்கும் சிறு சாயல் வித்தியாசம் தொழிற்சாலையிலேயே வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் என்றால் கேளுங்கள். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையையும் பாருங்கள். விளிம்பில் பெயின்ட் உடைந்திருந்தால் அங்கே ஸ்பேனர் பட்டிருக்கிறது.

அடிப்பக்கத்தைக் குனிந்து பார்க்க முடியாது. போனில் வீடியோவைப் போட்டு முன் பம்பரின் கீழ் உதட்டுக்கு அடியில் நீட்டுங்கள். கேரியர் சரிவில் உரசிய தடமெல்லாம் அங்கேதான் இருக்கும்.

தயாரிப்பாளர் தரும் டெலிவரிக்கு முந்தைய பரிசோதனைப் பட்டியல் நீளமானது. நடைமுறையில் பல இடங்களில் ஒரே பேனாவால், ஒரே மூச்சில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்து முடித்துவிடுகிறார்கள். வாங்குபவரிடம் ஒரு பிரதி கொடுக்கும் வழக்கமும் இல்லை, கேட்டு வாங்க வேண்டும். அதில் அதிகம் தவறுபவை இரண்டு. கப்பல் பயணத்துக்காக டயரில் காற்றை வழக்கத்தைவிட மிக அதிகமாக அடித்திருப்பார்கள், அதைக் கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்காமல் விட்டுவிடுவார்கள். இன்னொன்று, சில கார்களில் பயணத்தின்போது சஸ்பென்ஷன் அமுங்காமல் இருக்க ஸ்பிரிங்கில் செருகியிருக்கும் கட்டைகள். எடுக்க மறந்தால் கார் உயரமாக நிற்கும், சின்ன மேட்டுக்கும் இடுப்பு உடையும். ‘ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான் சார் இருக்கும்’ என்று சமாதானம் வேறு.

டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். நான்கு டயரும் ஒரே பிராண்டாகவும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாகவும் இருக்க வேண்டும். யார்டில் மாதக்கணக்கில் நின்ற காரில் பேட்டரியையும் அளக்கச் சொல்லுங்கள். வழக்கமான லெட் ஆசிட் பேட்டரி என்றால், எஞ்சினை அணைத்துச் சில மணிநேரம் கழித்து 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி, 12.2 என்றால் பாதி காலி.

ஆர்டர் ஷீட்டை எடுத்துப்போய், பிறகு எளிதில் பொருத்த முடியாத ஆப்ஷன்களை முதலில் சரிபாருங்கள்: செராமிக் பிரேக், லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது), பக்கெட் சீட், முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட். லிஃப்டை இரண்டு தடவை ஏற்றி இறக்குங்கள். கூரை மடங்கும் கார் என்றால் மூன்று தடவை திறந்து மூடுங்கள்.

கையோடு வாங்க வேண்டியவை: இரண்டாவது சாவி, வீல் லாக் நட்டைக் கழற்றும் சாக்கெட், இழுவைக் கொக்கி, காற்று கம்ப்ரஸர், பஞ்சர் அடைக்கும் திரவம். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டெப்னி கிடையாது, அந்தத் திரவத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. பேட்டரி முன் டிக்கிக்குள் இருந்து, டிக்கி மின்சாரத்தால் திறப்பதாக இருந்தால், பேட்டரி செத்த நாளில் எப்படித் திறப்பது என்று நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

குறை எதுவானாலும் டெலிவரி நோட்டிலேயே எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘முதல் சர்வீஸில் பார்த்துக்கலாம்’ என்ற வாய்வார்த்தை அந்த சேல்ஸ்மேன் வேறு வேலைக்குப் போகும்வரைதான்.

ஓட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒன்று. புது டயரின் வழவழப்பு போய்ப் பிடி முழுதாக வர சுமார் 300 கி.மீ. ஆகும், பிரேக் படியவும் சில நூறு கி.மீ. தேவை. குளிரிலும் ஈரத்திலும் அந்தப் பின் டயர்கள் சட்டென்று நழுவும். டயர் வீணாகச் சுழன்று நழுவாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஆஃப் செய்து காட்டச் சொல்லும் நண்பரை அன்றைக்குப் பக்கத்து சீட்டில் ஏற்றாதீர்கள்.