1889: ஒரே வயதுக்காரர்கள்

அன்புள்ள ஐயா,

பிறந்த ஆண்டுவாரியாகப் பிரபலங்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். 1889-க்கு வந்தபோது மலைத்துப்போனேன். சார்லி சாப்ளின், ஹிட்லர், நேரு, தத்துவத்தில் விட்கென்ஸ்டைனும் ஹைடெக்கரும், வானியலில் ஹபிள், கவிதையில் அன்னா அக்மதோவாவும் கேப்ரியேலா மிஸ்ட்ராலும், ஹெலிகாப்டருக்குப் பெயர்போன சிகோர்ஸ்கி. சாப்ளினுக்கும் ஹிட்லருக்கும் நான்கே நாள் வித்தியாசம். எல்லாம் கிரகச் சேர்க்கை என்கிறார் என் நண்பர். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு மட்டும் இப்படி ஒரு விசேஷம் உண்டா?

ர.

அன்புள்ள ர.,

நண்பரின் கட்சியை முதலில் முடித்துவிடலாம். உங்கள் பட்டியலில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1889 ஏப்ரல் 14-இல் வரலாற்றாசிரியர் டாயின்பீ, 16-இல் சாப்ளின், 20-இல் ஹிட்லர், 26-இல் விட்கென்ஸ்டைன், 28-இல் போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசர். பதினைந்து நாளுக்குள் ஐந்து பேர். அதற்குள் சனியும் குருவும் பெரிதாக எங்கும் நகர்ந்துவிடப்போவதில்லை. இந்த ஐவருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பலன் சொல்லக்கூடிய ஜோதிடர் இருந்தால் எனக்கும் அறிமுகப்படுத்துங்கள்.

1889 மட்டும் விசேஷம் என்பதும் நிற்காது. 1888-இல் சி.வி. ராமன், ராதாகிருஷ்ணன், டி.எஸ். எலியட். அதே ஆண்டு நவம்பர் 11 என்ற ஒரே தேதியில் மௌலானா ஆசாதும் ஆச்சார்ய கிருபளானியும். 1879-இல் ஐன்ஸ்டைன், பெரியார், ட்ராட்ஸ்கி, சரோஜினி நாயுடு. எந்த ஆண்டைத் தோண்டினாலும் இப்படி நாலு பேர் கிடைப்பார்கள்.

ஆனாலும் உங்களுக்குத் தோன்றியதில் ஒரு உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். பிறந்த ஆண்டுக்கு ஒரு கனம் உண்டு, பிறந்த அன்று அது யாருக்கும் தெரியாது. பின்னால் உலகத்தையே புரட்டிப்போடும் ஒன்று நடக்கும்போது நமக்கு என்ன வயதாக இருக்கும் என்பதை அந்த ஆண்டு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. 1889-காரர்களை முதல் உலகப்போர் ஏறத்தாழ 25 வயதில் பிடித்தது, இரண்டாம் உலகப்போர் 50 வயதில். முதல் போரின்போது துப்பாக்கி தூக்கும் வயது. இரண்டாவது வந்தபோது ஆணையிடும் வயது, அல்லது ஆணைக்கு அகப்பட்டு அல்லாடும் வயது.

1914-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலிலேயே மூன்று பேர் உடல் தகுதியில்லாதவர்கள். பிப்ரவரியில் சால்ஸ்பர்க்கில் ஆஸ்திரிய ராணுவம் ஹிட்லரைப் பரிசோதித்து, ஆயுதம் தூக்கத் தெம்பில்லாத ஆள் என்று திருப்பி அனுப்பியது. ஆகஸ்டில் அவர் பவேரியப் படையில் தானாகப் போய்ச் சேர்ந்தார். விட்கென்ஸ்டைனுக்குக் குடலிறக்கம், அதனால் கட்டாய சேவையிலிருந்து விலக்கு இருந்தது. அவரும் ஆகஸ்ட் 7-ஆம் தேதி தாமே முன்வந்து ஆஸ்திரியப் படையில் சேர்ந்தார். ஹைடெக்கரை இதயக் கோளாறு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் பிறகு ஃப்ரைபர்கில் கடிதங்களைத் தணிக்கை செய்யும் வேலை பார்த்தார். போர் முடியும் தறுவாயில்தான் முனைக்குப் போனார், அதுவும் வானிலைப் பிரிவில்.

விட்கென்ஸ்டைனை முதலில் விஸ்துலா நதியில் ஒரு ரோந்துப் படகில் போட்டார்கள். வழியில் டார்னோவ் என்ற ஊரில் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்தார். கடையில் இருந்ததே ஒரே ஒரு புத்தகம், டால்ஸ்டாய் சுவிசேஷங்களைச் சுருக்கி எழுதியது. வாங்கினார். போர் முழுக்க அதை விடாமல் சுமந்தார். கூட இருந்த சிப்பாய்கள் அவருக்கு ‘சுவிசேஷக்காரன்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1918 நவம்பரில் இத்தாலியர்களிடம் பிடிபட்டபோது அவருடைய பையில் இருந்தது அவரே எழுதிய தத்துவக் கையெழுத்துப்படி. இருபதாம் நூற்றாண்டுத் தத்துவத்தின் போக்கை மாற்றிய புத்தகம் அது.

ஹிட்லரும் விட்கென்ஸ்டைனும் லின்ஸ் நகரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1903-04-இல் இருவரும் அங்கே இருந்தார்கள். வயதில் ஆறு நாள்தான் வித்தியாசம், வகுப்பில் இரண்டு ஆண்டு. ஒருவர் வயதுக்கு மீறி ஒரு வகுப்பு மேலே, மற்றவர் ஒரு வகுப்பு கீழே. பழகினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது, ஆனாலும் இதை வைத்துக் கதை கட்டுகிறவர்கள் ஓயவில்லை. என்னைக் கேட்டால் 1939-இல் நடந்தது அந்தக் கதைகளைவிடப் பெரிது. விட்கென்ஸ்டைன் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறிய யூத வம்சம். தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதர் என்றால் பேரப்பிள்ளைகளும் யூதர் என்றது நாஜிச் சட்டம். வியன்னாவில் இரண்டு சகோதரிகள் மாட்டிக்கொண்டார்கள். ஒரு தாத்தாவையாவது யூதர் இல்லை என்று ஏற்றால் அவர்கள் தப்பலாம். அப்படிப்பட்ட விலக்குக்கு ஹிட்லரின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டில் இருந்த குடும்பச் சொத்திலிருந்து ஒரு டன்னுக்கும் அதிகமான தங்கம் ஜெர்மன் மத்திய வங்கிக்குப் போன பிறகு, போர் மூள்வதற்குச் சில நாள் முன்பு அந்தச் சலுகை கிடைத்தது. தன் பங்குச் சொத்தை எப்போதோ உதறிவிட்ட விட்கென்ஸ்டைன், இதற்காக அந்தக் கோடையில் பெர்லின், வியன்னா, நியூயார்க் என்று அலைந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் பெர்லினில் ராணுவ அணிவகுப்போடு ஹிட்லரின் ஐம்பதாவது பிறந்தநாள் நடந்து முடிந்திருந்தது.

மற்றவர்களைக் கொஞ்சம் வேகமாகப் பார்ப்போம். 1914 பிப்ரவரியில் சாப்ளினின் நாடோடி வேஷம் முதன்முதலாகத் திரைக்கு வந்தது. அந்த ஒரே ஆண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட குறும்படங்களில் நடித்தார். போருக்குப் போகாமல் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு சம்பாதிக்கிறார் என்று பிரிட்டனில் ஏசினார்கள். ஹிட்லரைக் கேலி செய்யும் படத்தின் படப்பிடிப்பை அவர் தொடங்கியது 1939 செப்டம்பரில், இரண்டாம் போர் மூண்ட சில நாட்களில். சிகோர்ஸ்கி 1914 கோடையில் தன்னுடைய நான்கு எஞ்சின் விமானத்தில் பீட்டர்ஸ்பர்கிலிருந்து கீவுக்குப் பறந்து காட்டினார். பயணிகளுக்காக நினைத்த விமானம், சில மாதத்தில் குண்டு போடப் போய்விட்டது. அவருடைய ஹெலிகாப்டர் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியதும் 1939 செப்டம்பரில்தான், அமெரிக்காவில். அக்மதோவாவின் இரண்டாவது கவிதைத் தொகுப்பு 1914-இல் வெளிவந்தது. கணவர் குமிலியோவ் போருக்குப் போய் உயிரோடு திரும்பினார், 1921-இல் புரட்சி அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. ஐம்பதை நெருங்கும்போது அந்த அம்மாள் லெனின்கிராட் சிறை வாசலில், கைதான மகனுக்காக மாதக்கணக்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது ஒரு மறுப்பு, நானே சொல்லிவிடுகிறேன். ஒரே ஆண்டில் பிறந்துவிட்டால் எல்லோரும் ஒரே தலைமுறை என்று ஆகிவிடாது. சம்பவம் ஆளைத் தேடி வர வேண்டும். 1914 டிசம்பரில் மிஸ்ட்ரால் சிலியில் பள்ளி ஆசிரியை. போர் அந்த நாட்டுக்கு வரவில்லை, அவருக்கு அந்த ஆண்டு என்றால் சாண்டியாகோவில் கவிதைப் பரிசு வாங்கிய ஆண்டு. நேரு அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் சலிப்போடு வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் புரட்டியது 1914 இல்லை, 1919. அந்த ஆண்டின் கடைசியில் அமிர்தசரஸிலிருந்து டெல்லிக்கு இரவு ரயிலில் போனபோது, ஒரே பெட்டியில் இருந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் ஜாலியன்வாலா பாகில் தான் செய்ததைப் பெருமையாக விவரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஜெனரல் டயர். காலையில் டெல்லி ஸ்டேஷனில் அவர் இளஞ்சிவப்புக் கோடு போட்ட பைஜாமாவோடு இறங்கிப் போனதை நேரு தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்போது நேருவுக்கு முப்பது வயது. 1889-இன் இந்தியப் பக்கத்தை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று. இப்படிப்பட்ட பட்டியல்களில் பிழைத்தவர்கள்தான் இருப்பார்கள். மேற்குப் போர்முனையில் இருபத்தைந்து, இருபத்தாறில் செத்துப்போனவர்களில் யாரெல்லாம் என்னவாகியிருப்பார்கள் என்று எந்த நோட்டிலும் எழுத முடியாது. ஹபிளையே பாருங்கள். 1914 வரை பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்து, கூடைப்பந்துப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் வானியல் படிக்கப் போனார். 1917-இல் அவரும் ராணுவத்தில் சேர்ந்தார். சண்டைக்கு அனுப்புவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஓராண்டு முன்னதாக அவருடைய படை பிரான்சுக்குப் போயிருந்தால், ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்பதை வேறு யாராவதுதான் அளந்து சொல்லியிருப்பார்கள்.

ஆகவே நோட்டைக் கைவிடாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகள் கூடுதலாகப் போடுங்கள்: 1914-இல் எங்கே, 1939-இல் எங்கே. அடுத்ததாக 1894-ஐ எடுத்துப் பாருங்கள். சத்யேந்திரநாத் போஸ், குருஷேவ், ஆல்டஸ் ஹக்ஸ்லி, வி.வி. கிரி. முதல் போரின்போது அவர்களுக்கு இருபது வயது. ஹக்ஸ்லியைக் கண் பார்வை மோசம் என்று ராணுவம் சேர்க்கவில்லை. மற்ற மூவரையும் நீங்கள் தேடி எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்