டாலர் இல்லாமல் சோவியத் யூனியனுடன் இந்தியா எப்படி வணிகம் செய்தது?

ரூபாயில்தான். 1953இல் இரு நாடுகளும் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. சோவியத் இயந்திரங்களின் விலை இந்திய வங்கிக் கணக்கில் ரூபாயாகச் சேரும். அந்தப் பணத்திலேயே அவர்கள் நம்மிடம் தேயிலை, தோல், துணி வாங்குவார்கள். அந்நியச் செலாவணிக்குத் தவித்த நாட்டுக்கு இது பெரிய ஆறுதல். 1971 நட்புறவு உடன்படிக்கைக்கு இந்தப் பழக்கமும் ஓர் அடித்தளம் என்பேன்.

சென்னைக்காரர்களுக்கு இது வெறும் கணக்கு அல்ல. நந்தம்பாக்கத்தில் அறுவை சிகிச்சைக் கருவித் தொழிற்சாலை சோவியத் உதவியால் எழுந்தது. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி கடைக்கு வந்தன: கெட்டி அட்டை, தெளிவான படங்கள், மாணவன் கைக்கு எட்டும் விலை. இயற்பியலை நான் விரும்பத் தொடங்கியது அவற்றால்தான்.

1991இல் சோவியத் யூனியன் கலைந்தபோது, அந்தச் சந்தையையே நம்பியிருந்த ஏற்றுமதியாளர்கள் திணறிப்போனார்கள்.