மணி நேரத்தைக் குறைத்தால் விசா தாங்குமா?

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கிலாந்தின் லெஸ்டரில் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனை வார்டில் பேண்ட் 5 (ஊதியப் படிநிலை) நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஹெல்த் அண்ட் கேர் விசா. பேண்ட் 5-க்கு வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. ஒரு வருடப் பிரசவ விடுப்பு இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. கணவர் என் டிபெண்டன்டாக வந்து, வேர்ஹவுஸில் முழுநேரம் வேலை செய்கிறார். குழந்தைக்காக என் வேலையை வாரம் 37.5 மணியிலிருந்து 22.5 மணியாகக் குறைக்கக் கேட்டேன். வார்டு மேனேஜரும் சரி என்றுவிட்டார். "பார்ட் டைம் என்றால் விசா சம்பள வரம்பும் அதே விகிதத்தில் குறையும்" என்கிறாள் தோழி. அப்படித்தானா? குறைகிற பணத்தை பேங்க் ஷிஃப்ட் (ஒப்பந்த நேரத்துக்கு மேல், தேவைப்படும்போது மருத்துவமனை தரும் கூடுதல் ஷிஃப்ட்) பார்த்து ஈடுகட்டலாமா?

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். வார்டு மேனேஜர் சரி என்று சொன்னது ரோட்டாவுக்கு (ஷிஃப்ட் அட்டவணைக்கு) மட்டும். ஒப்பந்த மணி நேரத்தை மாற்றும் ஃபார்மில் கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வையுங்கள்.

உங்கள் தோழி பாதி சரியாகச் சொல்கிறார். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் (ஹெல்த் அண்ட் கேர் விசா அதன் ஒரு கிளைதான்) இரண்டு சம்பளச் சோதனைகள் உண்டு. முதலாவது, அந்த வேலைக்கென்று வகுத்த சம்பளம். என்.எச்.எஸ். நர்ஸுக்கு அது அஜெண்டா ஃபார் சேஞ்ச் ஊதிய அட்டவணை. மணி நேரம் குறைந்தால் இதுவும் அதே விகிதத்தில் குறையும், அதனால் இங்கே உங்களுக்குச் சிக்கலே வராது. இரண்டாவது, குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம். தேசிய ஊதிய அட்டவணையில் உள்ள மருத்துவ, கல்வி வேலைகளுக்கு 2025 ஏப்ரலிலிருந்து அது 25,000 பவுண்ட். இது மணி நேரத்தைப் பார்க்காது. வாரம் 37.5 மணி உழைத்தாலும் 20 மணி உழைத்தாலும் வருடத்துக்கு 25,000 வந்தாக வேண்டும்.

இனி உங்கள் கணக்கு. 2025-26 அட்டவணைப்படி இங்கிலாந்தில் பேண்ட் 5 சம்பளம் முதல் இரண்டு வருடத்துக்கு 31,049 பவுண்ட், இரண்டு முதல் நான்கு வருடம் வரை 33,487, அதற்கு மேல் 37,796. நீங்கள் நடுப்படியில் இருக்கிறீர்கள். விடுப்பில் இருந்த வருடமும் அனுபவத்தில் சேரும். 22.5 மணி என்றால் 33,487-இல் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 20,092 பவுண்ட். வரம்புக்கு ஏறக்குறைய 4,900 பவுண்ட் குறைவு.

எத்தனை மணி வரை இறங்கலாம் என்று பார்க்க, 25,000-ஐ முழுநேர ஆண்டுச் சம்பளத்தால் வகுத்து 37.5-ஆல் பெருக்குங்கள். உங்களுக்கு 28 மணி வருகிறது. 28 மணிக்கு ஆண்டுச் சம்பளம் 25,003 பவுண்ட். மூன்றே பவுண்ட் உபரி. புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்கு இதே கணக்கு 30.2 மணியில் நிற்கிறது. "வாரம் நாலு நாள், 30 மணி" என்று வட்டமாகக் கேட்டு வாங்குகிறவர்கள் அங்கேதான் 161 பவுண்டில் விழுகிறார்கள். மேல்படியில் இருப்பவர் 24.9 மணி வரை இறங்கலாம். நான்கு வருடம் முடிந்து அந்தப் படிக்கு ஏறியதும் உங்களுக்கும் இன்னும் மூன்று மணி நேரம் குறைக்க இடம் கிடைக்கும். அட்டவணை மாறும்போதெல்லாம் புது எண்ணைப் போட்டு இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

ஆனால் 28 மணியில் நிற்காதீர்கள். 2024-இல் இந்த வரம்பு 23,200 ஆக இருந்தது. அடுத்த வருடமே 25,000 ஆனது. விளிம்பில் நின்று ஒப்பந்தம் போட்டவர், அடுத்து விசா நீட்டிக்கப் போகும்போது புது வரம்பில் மாட்டிக்கொள்வார்.

வார்டு நர்ஸுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல வார்டுகளில் லாங் டே என்பது பன்னிரண்டரை மணி. சம்பளமில்லாத ஒரு மணி இடைவேளையைக் கழித்தால் 11.5 மணிக்குத்தான் சம்பளம். வாரம் இரண்டு லாங் டே என்றால் 23 மணி, 20,539 பவுண்ட், தேறாது. வாரம் மூன்று என்றால் 34.5 மணி, குழந்தை வைத்திருப்பவருக்கு அது முழுநேரம் மாதிரிதான். இரண்டு வாரத்துக்கு ஐந்து லாங் டே கேளுங்கள். சராசரி 28.75 மணி, ஆண்டுக்கு 25,673 பவுண்ட். ஒரு வாரம் இரண்டு நாள், மறு வாரம் மூன்று நாள். உங்கள் நிலையில் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

கையில் வரும் பணம் பயப்படுகிற அளவுக்குக் குறையாது. மொத்தச் சம்பளம் மாதம் 650 பவுண்ட் குறைந்தாலும் வருமான வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ், பென்ஷன் பிடித்தம் மூன்றும் கூடவே இறங்குகின்றன. என்.எச்.எஸ். பென்ஷன் சதவீதம் உண்மையில் வாங்கும் சம்பளத்தை வைத்துத்தான் முடிவாகும். 25,673-க்கு அது 6.5 சதவீதம். வழக்கமான வரிக் குறியீடு உள்ளவருக்கு மாதம் சுமார் 1,720 பவுண்ட் கையில் வரும். முழுநேரத்தோடு ஒப்பிட்டால் இழப்பு ஏறக்குறைய 400 பவுண்ட்தான்.

பேங்க் ஷிஃப்ட் விஷயம். வரம்புக்குச் சேர்வது ஒப்பந்தத்தில் உறுதி செய்த அடிப்படைச் சம்பளம் மட்டுமே. ஓவர்டைம், இரவு மற்றும் ஞாயிறு ஷிஃப்டுக்கான கூடுதல் தொகை, பேங்க் வேலை எதுவும் சேராது. பேஸ்லிப்பில் 30,000 காட்டினாலும் அடிப்படை 20,092 என்றால் 20,092-தான். விசாவுக்கு ஸ்பான்சர் செய்த வேலைக்கு வெளியே வாரம் 20 மணி வரை கூடுதல் வேலை பார்க்க விதி இடம் தருகிறது. வீட்டுச் செலவுக்கு அந்தப் பணம் உதவும், விசா வரம்புக்கு உதவாது. உங்கள் கணவரின் வருமானமும் அப்படியே.

மணி நேரமும் சம்பளமும் மாறினால் டிரஸ்ட் (உங்கள் மருத்துவமனையை நடத்தும், உங்களை ஸ்பான்சர் செய்யும் அமைப்பு) அதை 10 வேலை நாளுக்குள் ஹோம் ஆபீஸுக்கு (விசாவைக் கவனிக்கும் உள்துறைக்கு) தெரிவிக்க வேண்டும். சம்பளம் வரம்புக்குக் கீழே போய்விட்டால் ஸ்பான்சர் செய்வதையே அவர்கள் நிறுத்த வேண்டும். விசா வழக்கமாக 60 நாளாகச் சுருக்கப்படும், கணவர், குழந்தை விசாவும் சேர்ந்து. தவறு பெரும்பாலும் நடப்பது இப்படித்தான்: வார்டு மேனேஜர் ஒப்புக்கொள்கிறார், சம்பளப் பிரிவு எண்ணை மாற்றுகிறது, விசா கவனிக்கிற எச்.ஆர். குழுவுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஃப்ளெக்சிபிள் வொர்க்கிங் கோரிக்கை (வேலை நேரத்தை மாற்றக் கேட்பது) ஒப்புக்கொள்ளப்பட்டால் அது வழக்கமாக நிரந்தர ஒப்பந்த மாற்றம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். இப்போதைக்குக் குறைத்துக்கொண்டு பிறகு பழைய நேரத்துக்குத் திரும்பலாம் என்று நினைத்தால், முடிவுத் தேதியை ஃபார்மிலேயே எழுதிக் கேளுங்கள்.

திரும்பிப் போகும் முதல் சில மாதங்களுக்கு, ஒப்பந்தத்தைத் தொடாமலே 22.5 மணி வேலை பார்க்க ஒரு வழி இருக்கிறது. பலர் இதை வீணடிக்கிறார்கள். பிரசவ விடுப்பில் இருந்த வருடத்துக்கும் ஆண்டு விடுப்பு சேர்ந்திருக்கும்: ஐந்து வருடச் சேவைக்குக் கீழே உள்ளவருக்கு 27 நாள், கூடவே 8 பொது விடுமுறை, மொத்தம் 35 நாள் அல்லது 262.5 மணி. வாரம் 15 மணி விடுப்பாக எடுத்தால் பதினேழரை வாரம் ஓடும். அந்த நாலு மாதமும் ஒப்பந்தம் 37.5 மணி, சம்பளம் முழுசு, ஹோம் ஆபீஸுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்கெனவே எடுத்த விடுப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதியை அடுத்த விடுப்பு ஆண்டுக்குக் கொண்டுபோக டிரஸ்டின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்.

சம்பளமில்லா விடுப்பு எடுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கவனம். ஒரு காலண்டர் வருடத்தில் நாலு வாரத்துக்கு மேல் சம்பளமில்லாமல் போனால் ஸ்பான்சர் நிறுத்த வேண்டிய நிலை வரும். பிரசவ விடுப்பு, சட்டப்படியான பேரண்டல் லீவ், நோய் விடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. பேரண்டல் லீவ் ஒரு குழந்தைக்கு மொத்தம் 18 வாரம், வருடத்துக்கு நாலு வாரம் வரை, முழு வாரங்களாக எடுக்கலாம். உடல்நலக் காரணத்துக்காக ஆக்குபேஷனல் ஹெல்த் (பணியிட மருத்துவப் பிரிவு) எழுதிக்கொடுத்துத் தற்காலிகமாக நேரத்தைக் குறைப்பதற்கும் விலக்கு உண்டு. குழந்தை பராமரிப்பு அதில் அடங்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சம்பள நிபந்தனை உங்கள் விசாவில்தான் இருக்கிறது, கணவர் விசாவில் இல்லை. அவர் வாரம் இரண்டு நாள் வேலை பார்த்தாலும் ஹோம் ஆபீஸ் கேட்காது. வீட்டில் ஒருவர் நேரத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பெரும்பகுதியை அவர் குறைப்பதுதான் விசா கணக்குக்கு நல்லது. "குழந்தையை அம்மாதான் பார்க்க வேண்டும்" என்ற பேச்சு ஊரிலிருந்து போனில் வரும். விசா யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் லாங் டே நாட்களில் வீட்டில் இருந்தால் நர்சரிச் செலவும் குறையும். அது சின்ன விஷயமில்லை: வேலை பார்க்கும் பெற்றோருக்கான வாரம் 30 மணி இலவசப் பராமரிப்புக்கும் டேக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேருக்கும் (பராமரிப்புச் செலவில் அரசு தரும் பங்கு) பெற்றோரில் ஒருவருக்காவது பொது நிதி உரிமை (அரசு உதவித்தொகை பெறும் உரிமை) வேண்டும். உங்கள் இருவர் விசாவிலும் அது இல்லை. சைல்ட் பெனிஃபிட்டுக்கும் (குழந்தைக்கான அரசு உதவித்தொகை) தெரியாமல் விண்ணப்பித்துவிட வேண்டாம். மூன்று வயது முடிந்த அடுத்த டேர்மிலிருந்து எல்லாக் குழந்தைக்கும் கிடைக்கும் வாரம் 15 மணி இலவசப் பராமரிப்பு மட்டும் உங்களுக்கும் உண்டு.

ஐ.எல்.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) விண்ணப்பத்திலும் அப்போதைய சம்பள வரம்பை எட்ட வேண்டும், அதை டிரஸ்ட் கடிதத்தில் உறுதி செய்ய வேண்டும். ஐந்து வருடக் காத்திருப்பைப் பத்தாக்கும் திட்டத்தை அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் முன்வைத்தது. எனவே இந்த வரம்போடு நீண்ட காலம் வாழ வேண்டியிருக்கும் என்று வைத்தே ஒப்பந்தம் போடுங்கள்.

ஐ.டி. வேலையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வரி: உங்களுக்கான பொது வரம்பு 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்ட், அதுவும் மணி நேரத்தோடு குறையாது. 52,000 வாங்குகிறவர் ஐந்து நாளை நாலாக்கினால் 41,600. நூறு பவுண்டில் போய்விடும்.

இன்றே எச்.ஆரின் விசா குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "வாரச் சராசரி 28.75 மணி, அடிப்படைச் சம்பளம் 25,673 பவுண்ட், இந்தத் தேதியிலிருந்து. இது என் ஸ்பான்சர்ஷிப்புக்குப் போதுமா, ஹோம் ஆபீஸுக்கு எப்போது தெரிவிப்பீர்கள்?" பதில் எழுத்தில் கைக்கு வந்த பிறகு, மேனேஜரிடம் 22.5 என்று எழுதிய பழைய ஃபார்மைத் திரும்ப வாங்கிப் புது ஃபார்ம் கொடுங்கள்.