வாசகர் கேள்வி–பதில்: பழைய எஞ்சினுக்குப் புது மேனிஃபோல்டு

கேள்வி: நான்கு சிலிண்டர் பழைய எஞ்சினுக்கு 8 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஃபிளேஞ்ச் (எஞ்சின் ஹெட்டோடு பொருந்தும் தட்டு) வெட்டி, இரட்டைக் கார்புரேட்டர் வைக்க இன்டேக் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்த் தொகுதி) செய்தேன். எஞ்சின் சூடானதும் ஐடிலிங் ஏறி இறங்குகிறது. ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் நிற்கவில்லை. 1, 4 பிளக்குகள் மட்டும் வெளுத்திருக்கின்றன.

பதில்: கார்புரேட்டரைத் தொடாதீர்கள். பிளக் வெளுப்பது அந்த சிலிண்டருக்குக் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது என்பதன் அடையாளம். ஒரு கார்புரேட்டர் இரண்டு சிலிண்டர்களுக்கு ஊட்டுவதால், கோளாறு அதில் இருந்தால் 1-ம் 2-ம் சேர்ந்தே வெளுத்திருக்கும். இரு ஓரங்களும் மட்டும் வெளுத்திருப்பதால், ஃபிளேஞ்ச் வளைந்து, ஓரத்தில் காற்று புகுகிறது என்றே நினைக்கிறேன்.

வெல்டு ஆறும்போது சுருங்கும். குழாய்கள் எல்லாம் ஒரே பக்கம் இருப்பதால் தகட்டின் இரு நுனிகளையும் அந்தப் பக்கமே இழுத்துவிடும். நடுப்பகுதி ஹெட்டில் உட்காரும், நுனிகள் தூக்கி நிற்கும். கழற்றி, ஃபிளேஞ்ச் முகத்தின் குறுக்கே நேர்விளிம்புக் கோலை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு நுழைந்தாலே மில்லிங்கில் முகத்தைச் சீவ வேண்டும். நட்டை இறுக்கிச் சரிசெய்யப் பார்த்தால் ஃபிளேஞ்சின் போல்ட் காது விரிசல் விடும், இல்லையேல் ஸ்டட் மரை போகும். இரண்டு கேஸ்கட் அடுக்குவதும் வேண்டாம். சூட்டில் நசுங்கி, கசிவு திரும்ப வரும்.

அடுத்த முறை 12 மி.மீ. தகடு எடுங்கள், அதில் 1 மி.மீ. சீவலுக்கென்றே இருக்கட்டும். 25 மி.மீ. இரும்புத் தகட்டில் எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கிய பிறகே டேக் (சிறு புள்ளி வெல்டு) வையுங்கள். ஒரு குழாயைச் சுற்றி ஒரே மூச்சில் முடிக்காமல் 1, 4, 2, 3 என்று மாறி மாறிக் கால் வட்டமாகப் போங்கள். கை வைக்கிற சூட்டுக்கு ஆறும்வரை போல்ட்டைக் கழற்றக் கூடாது. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். அரை மணி நேரப் பொறுமை இல்லாமல் இரண்டு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வெல்டில் நுண்துளை இருக்கிறதா என்று பார்க்க, வாய்களை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து அடைத்து, 0.3 பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். ஃபிளேஞ்ச் கசிவு இதில் தெரியாது. அதற்கு எஞ்சினில் மாட்டிய பின் புகை விட்டுத்தான் பார்க்க வேண்டும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் தெளித்துக் கசிவு தேடுவது தீ விபத்தில் முடியும்.

கேள்வி: ஹெட்டின் போர்ட் (கலவை நுழையும் வாய்) 45 × 25 மி.மீ. செவ்வகம், மூலைகள் 6 மி.மீ. ஆரம். எந்த அளவு உருண்டைக் குழாய் எடுப்பது?

பதில்: குழாயை நசுக்கும்போது பரப்பு மாறும், சுற்றளவு மாறாது. அதனால் சுற்றளவைக் கணக்கிடுங்கள். கூர்மூலை என்றால் 140 மி.மீ.; மூலை உருண்டிருப்பதால் சுமார் 130. அதை 3.14-ஆல் வகுத்தால் 41.3. இந்த உள்விட்டத்துக்கு மிக நெருங்கிய குழாய்தான் உங்களுக்கு வேண்டியது. உருண்டையில் 1,340 சதுர மி.மீ. இருந்த வழி, செவ்வகத்தில் 1,095-க்கு வரும். போர்ட்டை நோக்கிப் படிப்படியாகக் குறுகினால் நல்லதே; அதற்கு 60 மி.மீ. நீளமாவது கொடுங்கள். மேனிஃபோல்டு வாய் ஹெட்டின் வாயைவிட அரை மி.மீ. சிறியதாக இருக்கலாம். ஹெட்டின் விளிம்பு காற்றுக்கு எதிரே படியாக நீட்டிக்கொண்டு நிற்கத்தான் கூடாது.

கேள்வி: மினி காரின் ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு நான்கு தனி ரன்னர் (சிலிண்டருக்கு ஒன்றாகப் போகும் குழாய்) வைக்கலாமா?

பதில்: பயனில்லை. அந்த ஹெட்டில் இன்டேக் போர்ட்டே இரண்டுதான். 1-2 ஒன்றில், 3-4 மற்றொன்றில். ஃபயரிங் வரிசை (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்பதால் 3 இழுத்து முடிப்பதற்குள் 4 அதே வாயில் இழுக்கத் தொடங்கும். 2-க்கும் 1-க்கும் அதே கதை. சம நீளமுள்ள இரண்டு நல்ல குழாய் போதும்.

அதைவிட முக்கியமாக, பழைய எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்சின் கனத்தை வெர்னியரில் அளந்து, உங்கள் ஃபிளேஞ்சையும் அதே கனத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே பெரிய வாஷர்தான் இரண்டையும் அழுத்துகிறது. ஒன்று தடித்தால் வாஷர் சாய்ந்து, மற்றது கசியும்.

கேள்வி: 6061 ரக அலுமினியத்துக்கு எந்த ஃபில்லர் ராடு (வெல்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி)?

பதில்: 4043. பலர் 5356 எடுக்கிறார்கள். தொடர்ந்து 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் இடத்துக்கு அது ஏற்றதல்ல. வெல்டுக்கு முன் அசிட்டோனில் துடைத்து, அலுமினியத்துக்கென்றே வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேயுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.