பழைய தொட்டிக்குப் புதுக் குழாய்: மீன் வளர்ப்போர் கேள்வி பதில்

கேள்வி: 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு பழைய மீன் தொட்டி வாங்கியிருக்கிறேன். உள்ளே மூலையில் மேல்விளிம்பில் பல் வெட்டிய கறுப்புப் பெட்டி. அதன் அடியில் இரண்டு துளைகள்: ஒன்று 1 அங்குலக் குழாய்க்கு, மற்றது முக்கால் அங்குலத்துக்கு. குழாய்கள் எதுவும் கூட வரவில்லை. எப்படி இணைப்பது?

தொட்டித் தண்ணீர் அந்தப் பற்களின் வழியே பெட்டிக்குள் விழுந்து, கீழே பம்ப் இருக்கும் சிறு தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்கு, இறங்கும்; பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். பழைய முறையில் 1 அங்குலத் துளை தண்ணீர் இறங்க, முக்கால் அங்குலத் துளை பம்ப் தண்ணீர் ஏற. அதை அப்படியே திரும்பச் செய்யாதீர்கள். இறங்குவதற்கு ஒரே குழாய் இருந்து, அதற்குள் ஒரு நத்தையோ இலையோ போய் உட்கார்ந்துவிட்டால், பம்ப் தன் பாட்டுக்குக் கீழேயுள்ள தண்ணீரையெல்லாம் மேலே ஏற்றித் தரையில் கொட்டும். இரண்டு துளைகளையும் இறங்குவதற்கே ஒதுக்குங்கள். ஏறும் குழாயைப் பின்பக்கக் கண்ணாடியின் மேல் வழியாக வளைத்து உள்ளே விடலாம்.

இதில் முக்கால் அங்குலம்தான் முதன்மைக் குழாய். பெரிய துளை அவசரத்துக்கு. பலரும் மாற்றிப் போடுகிறார்கள். முதன்மைக் குழாய் காற்றே இல்லாமல் முழுக்கத் தண்ணீர் நிறைந்து, சைஃபனாக, அதாவது இறங்கும் தண்ணீரே பின்னால் வரும் தண்ணீரை இழுத்தபடி, ஓடுகிறது. 3 அடி இறக்கம் இருந்தால் முக்கால் அங்குலமே மணிக்குச் சுமார் 2,000 லிட்டரை இறக்கும். உங்கள் தொட்டி 680 லிட்டர். மணிக்கு மூன்று சுற்று தாராளம். அவசரக் குழாயோ எப்போதும் காலியாக நிற்பது. முதன்மை அடைத்துக்கொள்ளும் நாளில் மொத்த ஓட்டத்தையும் அது தனியாகத் தாங்க வேண்டும் என்பதால் ஒருபோதும் சிறியதாக இருக்கக் கூடாது. அதன் வழியில் வால்வும் கூடாது.

உயரங்களைக் கவனியுங்கள். அவசரக் குழாயின் வாய், பற்களின் அடிமட்டத்துக்கு 3 செ.மீ. கீழே. முதன்மைக் குழாயின் வாய் அதற்கும் 15 செ.மீ. கீழே, சல்லடை மூடியுடன். இடைவெளி குறைந்தால் சுழி விழுந்து காற்றை இழுக்கும். சம்ப்பில் முதன்மைக் குழாயின் முனை தண்ணீருக்குள் 2 அல்லது 3 செ.மீ. மூழ்கினால் போதும். ஆழமாக விட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேற முடியாமல் சைஃபன் தொடங்கத் திணறும். அவசரக் குழாயின் முனை தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும். அதில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், முதன்மை அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இறங்கும் வேகத்தைத் திருத்த, முதன்மைக் குழாயில் கேட் வால்வு (பல சுற்றுத் திருகி மெல்லத் திறக்கும் வால்வு) வையுங்கள். பால் வால்வு கால் சுற்றில் முழுக்கத் திறந்து மூடுவது; நுணுக்கமாகத் திருத்த வராது. வால்வுக்கு மேலும் கீழும் ஒரு யூனியன் (குழாயை அறுக்காமல் கழற்றி மாட்டும் இணைப்பு) போட்டால் பிறகு கழற்றிக் கழுவலாம். திருப்பங்களுக்கு 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு.

மீனை விடுமுன் மூன்று சோதனைகள். ஓடும்போது முதன்மை வால்வை முழுக்க மூடுங்கள். அவசரக் குழாய் தாங்குகிறதா? வால்வைத் திறந்துவிட்டு, பம்ப்பை நிறுத்துங்கள். சம்ப் நிரம்பி வழிகிறதா? மறுபடி போடுங்கள், வால்வைத் தொடாமலே சைஃபன் தொடங்குகிறதா?

கேள்வி: மின்சாரம் போனால் சம்ப் நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர். பம்ப் குழாயில் ஒருவழி வால்வு போட்டும் இதே கதை.

ஒருவழி வால்வின் நாக்கில் ஒரு மணல் துகள் சிக்கினாலே அது மூடாது. அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. பம்ப் நின்றதும், ஏறும் குழாயின் முனை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கும். 6 அடிக்கு 2 அடித் தொட்டியில் 1 அங்குலம் என்றால் 28 லிட்டர். முனை 3 அங்குலம் மூழ்கியிருந்தால் 85 லிட்டர். பெட்டிக்குள்ளிருந்தும் குழாய்களிலிருந்தும் இன்னும் 8 லிட்டர் வரும். 36 அங்குல நீளம், 15 அங்குல அகலமுள்ள சம்ப்பில் ஓர் அங்குல உயரம் சுமார் 9 லிட்டர்தான். அந்த 93 லிட்டருக்கு 10 அங்குலத்துக்கு மேல் காலியிடம் வேண்டும். யாரும் அவ்வளவு விட்டு வைப்பதில்லை.

முனையை நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலத்துக்குள் உயர்த்துங்கள். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 மி.மீ. துளை ஒன்று போட்டால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறும். ஆனால் பாசி அதை அடைக்கும். வாரம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுங்கள். பிறகு பம்ப்பை நிறுத்தி, தண்ணீர் இறங்கி முடிந்ததும் சம்ப் வழியாமல் இருக்கும் அளவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். மறுபடி ஓடவிட்டு, அப்போது சம்ப்பில் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் கோடு போடுங்கள். அதைத் தாண்டி ஒருபோதும் நிரப்பாதீர்கள்.

கேள்வி: தொட்டியின் அடியில் டேங்க் நிப்பிள் (துளையில் குழாயைப் பொருத்தும் மரை வைத்த இணைப்பு) கசிகிறது. சுற்றிலும் சிலிக்கான் பூசியும் நிற்கவில்லை.

கசிவை நிறுத்துவது வாஷர்தான், சிலிக்கான் அல்ல. வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கத்தில், நிப்பிளின் தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்க வேண்டும். பலர் வெளிப்பக்கம் நட்டின் கீழ் போட்டுவிடுகிறார்கள். மரை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். கழற்றுங்கள். பழைய சிலிக்கானை பிளேடால் முழுக்கச் சுரண்டுங்கள். வாஷரை மடித்துப் பாருங்கள். கெட்டியாகி வெடிப்பு விட்டிருந்தால் புதிது. கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும். அதிகம் இறுக்கினால் வாஷர் பிதுங்கும், சிலசமயம் கண்ணாடியே விரிசல் விடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கசிந்தால், கீழே ஒட்டிய குழாய் நேராக இல்லாமல் நிப்பிளைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அந்தக் குழாயை அறுத்து, யூனியன் வைத்து நேராக்குங்கள்.

கேள்வி: துளையே இல்லாத பழைய தொட்டியில் நானே துளை போடலாமா?

டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து வலுவாக்கிய, கண்ணாடி என்றால் துரப்பணம் பட்டதும் பொடிப்பொடியாகிவிடும். பல தொட்டிகளில் அடிக்கண்ணாடி மட்டும் டெம்பர் ஆனது. காலித் தொட்டியின் அடியில் எல்சிடி திரையுள்ள லேப்டாப்பை வெள்ளைப் பக்கத்துடன் வையுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸைத் திரை இருண்டு தெரியும் கோணத்துக்குத் திருப்பி, மேலிருந்து பாருங்கள். திட்டுத் திட்டாக வெளிச்சமோ கோடுகளோ தெரிந்தால் டெம்பர் கண்ணாடி, தொடாதீர்கள். ஒரே சீராக இருண்டால் சாதாரணக் கண்ணாடி. வைரத்தூள் பதித்த வட்ட ரம்பம், மெதுவான வேகம், விடாமல் தண்ணீர், கை பாரம் மட்டும். விளிம்பிலிருந்து குறைந்தது துளையின் விட்ட அளவாவது தள்ளிப் போடுங்கள். ரம்பத்தின் அளவைக் குழாயை வைத்து முடிவு செய்யாமல், டேங்க் நிப்பிளைக் கையில் வாங்கி அதன் மரைப் பகுதியை அளந்த பிறகு வாங்குங்கள்.