படிவத்தில் 'இல்லை' என்று எழுதியது யார்?

கேள்வி: நானும் கணவரும் சென்னையில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். ஒன்பது வயதில் ஒரே மகன். தனியாக வளர்கிற பிள்ளைக்கு ஒரு நாய் துணையாக இருக்கும் என்று நினைத்தோம். காசு கொடுத்து வாங்குவதைவிடக் காப்பகத்து நாய் ஒன்றுக்கு வீடு கொடுக்கலாம் என்று ஒரு காப்பகத்துக்குப் போனோம். காஃபி என்று பெயர், இரண்டு வயதுப் பெண் நாய். மகனைப் பார்த்ததும் ஓடிவந்து மடியில் தலைவைத்துக்கொண்டது. ஆனால் காப்பகத்தில் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். ஆதார் வேண்டுமாம், வீட்டைப் பார்க்க வருவார்களாம், வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்களுடன் இருக்கும் மாமியார்தான் மறுக்கிறார். எழுபது வயது. பகலில் வீட்டில் சும்மாதான் இருக்கிறார். காஃபிக்குச் சாப்பாடு வைத்துக் கொஞ்சம் வெளியே அழைத்துப் போனால் போதும். அவருக்கு நாய் பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. தஞ்சாவூர்ப் பக்கம் ஊரில் இருந்தபோது வாசலில் ஒரு நாட்டு நாய் கிடந்தது. தை மாதம் வீட்டை விற்று அவரை அழைத்து வந்தபோது அதை அங்கேயே விட்டுவிட்டோம். பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். படிவத்தில் 'இதற்குமுன் நாய் வளர்த்ததுண்டா, அது இப்போது எங்கே?' என்று ஒரு கேள்வி. அது எங்கள் நாய் இல்லை என்பதால் 'இல்லை' என்று எழுதினோம். மகன் படிவத்தை அவருக்கு வாசித்துக் காட்டினான். பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார். காரணம் கேட்டால் பேசுவதில்லை. மாத இறுதிவரைதான் காஃபியை எங்களுக்காக நிறுத்தி வைப்பார்களாம். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: சம்மதிக்க வைக்காதீர்கள். உங்கள் மாமியார் கையெழுத்துப் போடாதது சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் படிவத்தைக் கிழித்தும் போட்டிருப்பேன்.

மாமியாரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று வாரத்துக்கு ஒரு கடிதமாவது எனக்கு வருகிறது. ஃபிரிட்ஜ் மாற்றுவதிலிருந்து பேத்தியை விடுதியில் சேர்ப்பதுவரை எல்லாவற்றுக்கும் ஒரு மாமியார் குறுக்கே நிற்கிறார். பாதிக் கடிதங்களில் மாமியார் பக்கம் நியாயம் இருக்காது. அதையும் இந்தப் பக்கத்தில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் வேறு. போகிறபோக்கில் 'இல்லை' என்று எழுதினோம் என்கிறீர்களே, அந்த இடம்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே அச்சிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் காஃபி என்ற பெயர் பதினோரு இடத்தில் வருகிறது, எண்ணினேன். அதன் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருப்பது, பிஸ்கட்டை வாங்கிக்கொண்டுபோய் மூலையில் வைத்துத் தின்பது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஊர் நாய்க்கு ஒரு வரிதான். ஆணா பெண்ணா தெரியவில்லை. வயது தெரியவில்லை. 'கிடந்தது' என்கிறீர்கள், வாசலில் உடைந்த நாற்காலி கிடந்த மாதிரி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நீங்கள் போய் இறங்கும்போதெல்லாம் உங்கள் காரைச் சுற்றி வந்திருக்குமே, அதற்குப் பெயர் என்ன?

அது எங்கள் நாய் இல்லையாம். பின்னே யாருடைய நாய்? கிராமத்தில் நாயை யாரும் பணம் கொடுத்து வாங்குவதில்லை, தத்தெடுப்பதும் இல்லை. எங்கிருந்தோ ஒரு குட்டி வந்து திண்ணைக்குக் கீழே ஒண்டும். ஒரு பிடி பழையது வைப்பார்கள். மறுநாளும் வரும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இது இன்னார் வீட்டு நாய் என்று. சந்தேகமாக இருந்தால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த நாய் யாரையாவது கடித்திருந்தால் எந்த வீட்டு வாசலில் வந்து சண்டை போட்டிருப்பார்கள்? உங்கள் மாமியார் வீட்டு வாசலில்தானே? கழுத்தில் பட்டை இல்லை என்பதால் அது அநாதை ஆகிவிடாது.

சட்டம்கூட இதில் உங்கள் பக்கம் இல்லை. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்தது. தகுந்த காரணமில்லாமல், பட்டினியாலோ தாகத்தாலோ துன்பப்படக்கூடிய நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. முகூர்த்த நாளில் அந்தக் காசுக்கு ஒரு முழம் மல்லிகை கிடைக்காது. யாரும் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டிலேயே ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். வாசலில் நிற்பவரிடம் 'வாங்க, சாப்பிடலாம்' என்று சொல்வோமே, அந்த வகைப் பேச்சு அது. வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது, வயதான பெண்மணி ஒருவர் கண் கலங்கி நிற்கும்போது, வேறென்ன சொல்வார்கள்? நீங்கள் அவர்களிடம் அரிசிக்குப் பணம் கொடுத்தீர்களா? இந்த எட்டு மாதத்தில் ஒருமுறை போன் செய்து நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களா? முழுக் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: வாங்கியவர் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி எழுப்பிக்கொண்டிருக்கிறார் என்று. அப்படியானால் திண்ணையும் இல்லை. நாய்க்கு வீடு என்றால் அந்தத் திண்ணையும் அதற்கு முன்னால் பத்தடி மண்ணும்தான். இன்னொரு வீட்டு வாசலுக்குப் போனால் அந்த வாசல் நாய் விடாது. ஐப்பசி அடைமழைக்கு எங்கே போய்ப் படுக்கும்?

காப்பகக்காரர்கள் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறீர்கள். அவர்கள் கேட்காமல் யார் கேட்பது? வீடு மாறுகிறோம், குழந்தை பிறக்கப்போகிறது, வெளிநாடு போகிறோம், பையனுக்கு ஆசை தீர்ந்துவிட்டது என்று திரும்பி வருகிற நாய்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஒருமுறை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த நாய் கூண்டில் எப்படி உட்காரும் தெரியுமா? மற்றவை தட்டுச் சத்தம் வரும் பக்கம் பார்க்கும். இது கேட்டைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் வீட்டைப் பார்க்க வருகிறார்கள், எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவிலும் இதுதான் இருக்கிறது: தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், தத்தெடுத்தது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. நீங்கள் நிரப்பிய படிவத்தில் உயிருள்ள கேள்வி ஒன்றே ஒன்றுதான். 'அது இப்போது எங்கே?' அதற்குத்தான் பொய் எழுதியிருக்கிறீர்கள். அதையும் பேரன் வாயால் பாட்டிக்கு வாசித்துக் காட்டச் செய்திருக்கிறீர்கள். அவர் ஏன் பேசவில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள்.

அடுத்து, அந்தச் 'சும்மா'. இந்தச் சொல்லுக்காகவே உங்களைத் தனியாகத் திட்ட வேண்டும். காலையில் உங்கள் மூவருக்கும் டப்பா கட்டுவது யார், பையன் பள்ளியிலிருந்து வந்தால் கதவைத் திறப்பது யார் என்று நான் கேட்கப்போவதில்லை, பதில் தெரியும். நாய்க் கணக்கை மட்டும் சொல்கிறேன். இரண்டு வயது நாய்க்குக் காலையும் மாலையும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் நடை வேண்டும். பூனையைக் கண்டு ஒரு இழு இழுத்தால் எழுபது வயதுக்காரர் மணிக்கட்டை ஊன்றித்தான் விழுவார். காப்பகத்திலிருந்து வந்த நாய் முதல் சில நாள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும், சாப்பிடாது, கண்ட இடத்தில் ஈரம் பண்ணும். வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் ஆகும் என்பது நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. அந்த நாட்களில் பகல் முழுக்க அதனுடன் இருக்கப்போவது நீங்கள் இல்லை. நாய் நன்றாக இருந்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பையன் அதற்குள் கல்லூரி முடித்திருப்பான். மாமியாருக்கு எண்பது தாண்டியிருக்கும். ஆக, காஃபியைத் தத்தெடுக்கப்போவது அவர்தான், நல்ல பெயர் உங்களுக்கு. அவருடைய நாயைப் பறித்துக்கொண்டு உங்கள் நாயை அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

கடுமையாக எழுதுகிறேன் என்று தோன்றலாம். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவை எங்களோடு அழைத்து வந்தபோது அவருடைய சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். மாடியில் வைக்க இடமில்லை, ஓட்டவும் முடியாது, எதற்கு என்று. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறந்த பிறகு அவர் சட்டைப் பைகளைத் துழாவினால் அந்தச் சைக்கிள் பூட்டுச் சாவி இருந்தது. நான்கு வருஷமாகச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்திருக்கிறார். அது இரும்பு, போகட்டும். உங்கள் மாமியாருடையது வாசலில் காத்துக்கொண்டு நிற்கும்.

இன்னொரு ஆளும் இதில் இருக்கிறார், கடிதத்தில் அவர் குரலே கேட்கவில்லை. கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அம்மாவை அழைத்துப் போனவர் உங்கள் கணவர். அவருடைய அம்மா, அவர் வளர்ந்த வாசல். எனக்குக் கடிதம் எழுதும் வேலை மட்டும் எப்படி உங்கள் தலையில் விழுந்தது? பெற்றவளைக் கொண்டுவந்து வேளாவேளைக்குச் சோறு போட்டால் மகனின் கடமை தீர்ந்தது என்று நினைக்கும் ஆண்களை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். எதையெல்லாம் விட்டுவிட்டு வருகிறாய் அம்மா என்று ஒருமுறை கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. இதை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

இனி வேலை. காப்பகத்துக்கு இன்றே போன் செய்து, காஃபியை எங்களுக்காக நிறுத்தி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இளம் நாய், சாதுவான நாய். வேறு வீடு கிடைக்கும். உங்களுக்காக ஒருநாள் காத்திருந்தால் அந்த வீடு தவறிப்போகலாம். படிவத்தில் எழுதியது தவறு என்றும் சொல்லிவிடுங்கள், பையன் பக்கத்தில் இருக்கும்போது. வருத்தப்படுவான், படட்டும்.

வரும் சனிக்கிழமை நான்கு பேரும் ஊருக்குக் கிளம்புங்கள். அதற்குமுன் பக்கத்து வீட்டாருக்குப் போன் செய்து விசாரியுங்கள். நாய் செத்துப்போயிருந்தால் அதை மாமியாரிடம் மறைக்காதீர்கள், அப்போதும் போய் வாருங்கள். உயிரோடு இருந்து, பக்கத்து வீட்டில் உண்மையாகவே சோறு போட்டு, அது அங்கே பழகியிருந்தால் அங்கேயே இருக்கட்டும். மாதாமாதம் பணம் அனுப்புங்கள், வருஷத்துக்கு ஒருமுறை வெறிநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள். எலும்பும் தோலுமாக மணல் குவியலில் சுருண்டு கிடந்தால் கொண்டுவர வேண்டியதுதான். முதலில் அங்கேயே கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். உண்ணி நிறைய இருக்கும், உண்ணிக் காய்ச்சலும் இருக்கலாம், இரத்தப் பரிசோதனை தேவைப்பட்டால் செய்யுங்கள். பையனைக் கிட்டே விடாதீர்கள். எட்டு மாதத் தெரு வாழ்க்கை சாதுவான நாயையும் கடிக்க வைக்கும். பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

சென்னை வந்தபின் சிரமம் உண்டு. கிராமத்து நாய்க்கு மாடிப்படி தெரியாது, லிஃப்டைக் கண்டால் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். டைல்ஸ் தரையில் நகம் வழுக்கி நான்கு காலும் நான்கு பக்கம் போகும். ஒரு கோணிச் சாக்கை விரித்து அதன்மேல் மாமியாரின் பழைய நூல் புடவையைப் போடுங்கள், அந்த வாசனையில் படுக்கும். நடைக்கு அழைத்துப் போவது உங்கள் கணவர், காலை ஐந்தரைக்கும் இரவு எட்டுக்கும். மாநகராட்சி உரிமத்துக்குத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதை என்று பழமொழி சொல்ல அடுக்குமாடியில் ஒருவர் வருவார். சங்கத்தில் தடை என்று பேச்சு வந்தால், குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டுங்கள்.

ஊரில் தெருமுனையிலேயே காரை நிறுத்திவிடுங்கள். மாமியாரை முன்னால் போகச் சொல்லுங்கள். அவர்தான் கூப்பிட வேண்டும். உங்களுக்கு அதன் பெயர் தெரியாது.